வேதாந்தம் சொல்ல யாருக்கு உரிமை?

ஆசிரியர் அவர்களுக்கு,

மேலைநாட்டவர் ஒருவர், ஆன்மாவும் பரம்பொருளாகிய பிரம்மமும் ஒன்றே என்னும் அத்வைத வேதாந்தத்தைப் போதித்தால் நம்மில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வேறு சிலரோ, அவர் சொன்ன பிறகுதான் அதற்கே காது கொடுக்கிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம் தருகின்றன.

ஆர்தர் ஆஸ்பர்ன் லண்டனில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது தாய்லாந்தில் ஜப்பானியரின் முகாமில் அடைபட்டிருந்து, 1945-இல் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். ரமணாசிரமத்தின் ஆங்கிலப் பத்திரிகையை 1964-இல் தொடங்கியவர் அவர்தான். ரமணரின் போதனையை உலகெங்கும் எத்தனையோ பேருக்குக் கொண்டுசேர்த்தவரை அந்நியர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

என் கவலை வேறு. 'நீங்கள் ஏற்கெனவே பிரம்மம்தான், எதுவும் செய்ய வேண்டாம்' என்று இரண்டு நாள் வகுப்பில் சொல்லி அனுப்பிவிடுகிறவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். அவர்களில் நம் நாட்டவரும் உண்டு. சங்கரர் மரபு முதலில் கேட்பது விவேகம் (நிலையானதையும் நிலையற்றதையும் பகுத்தறிதல்), வைராக்கியம் (பற்றின்மை), சமம் (மன அடக்கம்), தமம் (புலனடக்கம்) முதலான ஆறு பண்புகள், முமுட்சுத்துவம் (விடுதலை வேட்கை) ஆகியவற்றை. ரமணரும், மனத்தில் வாசனைகள், அதாவது பழைய அனுபவங்களின் பதிவுகள், இருக்கும்வரை 'நான் யார்?' என்ற விசாரணை வேண்டும் என்றே சொன்னார். உண்மையான தவிப்போடு வருகிற இளைஞர்களிடம் இந்தப் பகுதியை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

போதிப்பவர் எந்த நாட்டவர் என்று கேட்காதீர்கள். யாரிடம், எத்தனை ஆண்டுகள் கற்றார் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்