வறுத்த தேதி எங்கே? காப்பிக்கொட்டை வறுத்து விற்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் திருச்சியில் வசிப்பவன். நான்கு ஆண்டுகளாக வீட்டில் வெந்நீரை அழுத்தத்தோடு தூளினூடே செலுத்திக் கெட்டியான காப்பி இறக்கும் ஒரு சிறிய எஸ்பிரஸ்ஸோ இயந்திரத்தையும், அதைவிட விலை கூடிய, கொட்டை அரைக்கும் ஒரு கிரைண்டரையும் வைத்துக்கொண்டு, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஷாட் (ஒரு கோப்பை எஸ்பிரஸ்ஸோ) எடுத்துக் குடித்து வருகிறேன். சிக்கமகளூரு, குடகு, ஏற்காடு, தாண்டிக்குடி என்று மலைக்கு மலை மாறி உங்களில் பலரிடம் கொட்டை வாங்கியிருக்கிறேன். நல்ல கொட்டைக்காக நன்றி சொல்லி எழுதியதும் உண்டு. இந்த மடல் நன்றி சொல்வதற்காக எழுதப்படுவது அல்ல என்பதை வருத்தத்தோடு முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

சென்ற மாதம் எனக்கு ஒரு கால் கிலோ பை வந்தது. அதை அனுப்பிய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறை அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதாக இருந்தால் அவர்களுக்கே எழுதி முடித்திருப்பேன்.

பையைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். என் கணக்கு எளியது: 18 கிராம் தூள் போட்டு, 28 வினாடி அளவில் 36 கிராம் காப்பி இறங்க வேண்டும். முந்தைய பை அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அதே அரைவையில் புதுப் பையைப் போட்டபோது, பொத்தானை அமுக்கிய பதினோராவது வினாடியில் கோப்பை நிறைந்துவிட்டது. மேலே படிந்த நுரை வைக்கோல் நிறத்தில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலகி நடுவில் கறுப்புத் தெரிந்தது. தூள் இன்னும் நைசாக விழும்படி அரைவையை இரண்டு புள்ளி நெருக்கினேன்; பதினான்கு வினாடி. மேலும் மூன்று நெருக்கினேன், பதினெட்டு. மேலும் நெருக்கியபோது வேகம் குறைந்தது உண்மை; ஆனால் வாயில் வைத்தால், நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியின் வாசனையும், நாக்கின் ஓரத்தில் வெகுநேரம் போகாத காரலும்தான் மிஞ்சின. ஐந்து ஷாட்டும் சிங்க்கில் போயின. கால் கிலோவில் பதின்மூன்று ஷாட்டுக்கு மேல் தேறாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அறுநூறு ரூபாய்ப் பையில் இருநூறு ரூபாய்க்கு மேல் ஒரே காலையில் சாக்கடைக்குப் போனது என்று கணக்குப் போட்டுச் சொல்லுமளவுக்கு நான் கஞ்சன் அல்லன், ஆனாலும் போட்டுவிட்டேன்.

இயந்திரத்தில்தான் கோளாறோ என்று முதலில் அதைச் சந்தேகித்தேன். சல்லடையைக் கழற்றித் தேய்த்தேன். தூளைச் சமமாக அழுத்தவில்லையோ என்று என் கையைச் சந்தேகித்தேன். கடைசியாகத்தான், வறுத்து வெகுநாளாகிவிட்டதோ என்று கொட்டையைச் சந்தேகித்தேன். ஒரு பிடி கொட்டையைச் சிறிய ஜிப் பையில் போட்டு, காற்றை முழுவதும் வெளியேற்றி மூடி, இரவு முழுவதும் மேசை மேல் வைத்தேன். வறுத்துச் சில நாளே ஆன கொட்டையாக இருந்தால், உள்ளே அடைபட்ட கரியமில வாயு வெளியேறிக் காலைக்குள் பை பூரி போல் உப்பியிருக்கும். மறுநாள் காலையில் அது இரவு வைத்தபடியே கொட்டையோடு ஒட்டிக் கிடந்தது. சமையலறையில் ஆய்வுக்கூடம் வைத்து ஒரு வாடிக்கையாளன் கண்டுபிடிக்க வேண்டிய இந்தச் செய்தியை, பையின் மேல் ஒரே ஒரு தேதி சொல்லியிருக்கும்.

பையில் தேதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொட்டலமிட்ட மாதமும் ஆண்டும் இருந்தன. அதிலிருந்து ஒன்பது மாதம் வரை பயன்படுத்தலாம் என்றும் இருந்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, வறுத்தது எப்போது என்று கேட்டேன். "பேக் பண்ணதுதான் சார் மேனுஃபேக்சரிங் டேட்" என்றார் அந்தத் தம்பி. வறுத்த தேதியைத்தான் கேட்கிறேன் என்றேன். "அது யூனிட்லதான் சார் தெரியும். ஆனா எப்பவுமே ஃப்ரெஷ்ஷாத்தான் சார் அனுப்புவோம்" என்றார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார். சொல்லிக்கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

சட்டப்படி தாங்கள் தவறு செய்யவில்லை என்பதை அறிவேன். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள் கேட்பது, தயாரித்த தேதி அல்லது பொட்டலமிட்ட தேதி. கூடவே பயன்படுத்துவதற்கான கடைசித் தேதி. அந்த "அல்லது" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை மாதம் வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். வறுத்த கொட்டை டிரம்மில் ஆறு வாரம் கிடந்துவிட்டு நேற்றுப் பையில் விழுந்தால், அது நேற்றைய கொட்டையாகிவிடுகிறது. சிக்கரி கலந்தால் 49 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, கலந்த விகிதத்தையும் பாக்கெட்டில் போட வேண்டும் என்று கேட்டு வாங்கிய ஆணையம், கலப்பில்லாத கொட்டையின் வயதைக் கேட்க மறந்துவிட்டது. ஆணையத்துக்கு நினைவு வரும்வரை தாங்களும் காத்திருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. கொட்டை ஒன்பது மாதம் கெட்டுப்போகாது என்பது வேறு. அதில் எஸ்பிரஸ்ஸோ எடுக்க முடியும் என்பது வேறு. இந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்ததே உங்களில் சிலர்தான்.

நான் கேட்பது புதுக் கொட்டையை அல்ல என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். போன ஆண்டு வேறொரு நிறுவனத்திடமிருந்து வந்த பை, கூரியர்காரர் கையில் கொடுக்கும்போதே தலையணை போல உப்பியிருந்தது. மகிழ்ச்சியோடு அன்றே பிரித்துப் போட்டேன். கோப்பையில் இறங்கியதில் பாதிக்குமேல் நுரை, தூள் போடும் கைப்பிடிக் கிண்ணமான போர்ட்டாஃபில்டரின் அடியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பீச்சி அடித்து, சட்டையெல்லாம் புள்ளி, குடித்தால் புளிப்பு. வறுத்து இரண்டே நாள் ஆன கொட்டை என்பது பின்னர் விசாரித்துத் தெரிந்தது. 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தும்போது, உள்ளிருக்கும் வாயு நீரைத் தூளோடு சேரவிடாமல் தள்ளுகிறது. அதே பையை ஒரு வாரம் மூடி வைத்து எடுத்தபோது தேன் போல இறங்கியது. ஆக, கொட்டை இளசாக இருந்தால் நான் காத்திருப்பேன். முற்றிவிட்டிருந்தால் விரைந்து முடிப்பேன், அல்லது நான்கு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் வைப்பேன். கரும்பழுப்பாக வறுத்தது சீக்கிரம் வாயுவை விட்டுச் சீக்கிரம் கிழடாகும் என்பதும், இள வறுவலுக்குக் கூடுதல் நாள் ஓய்வு வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று தெரியவில்லை. "ஃப்ரெஷ்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் நாள் எண்ண முடியாது. ஆகவே தயவுசெய்து வறுத்த தேதியை அச்சிடுங்கள்.

பையில் இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் குறிப்பிட்ட அந்தப் பையில் தோட்டத்தின் பெயர் இருந்தது, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பது இருந்தது, ரகம் எஸ்.795 என்றும், பழத்தோடு உலர்த்தியது என்றும் இருந்தது. நாவல்பழம், ஆரஞ்சுத் தோல், பனைவெல்லம் என்று சுவைப் பட்டியல் இருந்தது. பின்பக்கம் முழுவதும், 17ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி ஞானி ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்தார் என்று வழங்கிவரும் கதை. காப்பி இந்த மண்ணுக்கு வந்த காலத்தைச் சொல்ல முடிகிறது. கையில் இருக்கும் கொட்டை அடுப்பை விட்டு இறங்கிய நாளைத்தான் சொல்ல முடியவில்லை. குலம், கோத்திரம், பூர்வீகம் எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிவிட்டுப் பிறந்த தேதியை மட்டும் விட்டுவிட்ட ஜாதகத்தை நம் ஊரில் எவரும் கையால் தொடமாட்டார்கள்.

என் தந்தையார் தெப்பக்குளம் பக்கம் ஒரு கடையில் வாரம் தவறாமல் கால் கிலோ வாங்குவார். பீபரி என்னும் உருண்டைக் கொட்டை பாதி, பிளான்டேஷன் ஏ என்னும் பெரிய கொட்டை பாதி, அதோடு சிக்கரி இருபது சதவீதம். அந்தப் பொட்டலத்தில் தேதி இருந்ததில்லை, தேவையும் இருந்ததில்லை. கண்ணெதிரே வறுத்தார்கள், கண்ணெதிரே அரைத்தார்கள். வீடு வந்து சேரும்போதும் பொட்டலம் வெதுவெதுப்பாக இருக்கும். கொஞ்சம் பழையதாகவே இருந்தாலும் சிக்கரியும் பாலும் சேர்ந்து அதைக் காப்பாற்றிவிடும். எஸ்பிரஸ்ஸோவில் அப்படிக் காப்பாற்ற ஆளில்லை. கண்ணெதிரே வறுப்பதும் இப்போது இல்லை. எங்கோ ஒரு நகரத்தில் வறுபட்டு, எங்கோ ஒரு கிடங்கில் இருந்து, சித்திரை வெயிலில் கூரியர் வேனுக்குள் வெந்து வருகிறது பை. அதை அமுக்கி, வாயு வெளியேறப் பையில் வைத்திருக்கும் வால்வில் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பது ஒன்றே எனக்கு மிச்சமிருக்கும் பரிசோதனை. கண்ணால் பார்த்த இடத்தில் இப்போது எழுத்துதான் நிற்க வேண்டும்.

தங்கள் தரப்பு நியாயம் ஒன்றையும் கேட்டிருக்கிறேன். தேதியைப் போட்டால், வறுத்துப் பன்னிரண்டு நாளான பையைக் கடையில் எவரும் எடுப்பதில்லை, அதற்குள் பழசாகிவிட்டது என்று நினைத்துப் பின்னாலிருக்கும் பையைத் தேடுகிறார்கள், தேங்கியது எல்லாம் திரும்பி வருகிறது என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார். உண்மையாக இருக்கலாம். அப்படியானால் தேதிக்குப் பக்கத்திலேயே, எஸ்பிரஸ்ஸோவுக்கு இந்தக் கொட்டை பத்து நாளுக்குப் பிறகு நன்றாக இருக்கும், ஆறு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள் என்பதுபோல் ஒரு வரி சேருங்கள். அந்த நாள் கணக்கு ஒவ்வொரு வறுவலுக்கும் மாறும். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். வாங்குபவருக்கு விவரம் தெரியாது என்பதற்காக விவரத்தையே மறைப்பது என்ன நியாயம்?

எங்கள் தெருமுனையில் இட்லி மாவு விற்கும் அம்மாள், ஒவ்வொரு பாக்கெட்டிலும் அன்றைய தேதியை ரப்பர் முத்திரையால் குத்துகிறார். அவரிடம் பிராண்ட் ஆலோசகர் இல்லை. மாவு எத்தனை மீட்டர் உயரத்தில் விளைந்த உளுந்து என்றும் அவர் சொல்வதில்லை. முப்பது ரூபாய் மாவுக்குக் கிடைக்கும் மரியாதை அறுநூறு ரூபாய்க் கொட்டைக்குக் கிடைக்கவில்லை. பாபாபுடன்கிரி அராபிகாவுக்கும், குடகு அராபிகாவுக்கும், வயநாடு ரொபஸ்டாவுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். எந்த மண்ணில் விளைந்தது என்பதற்கு அரசு முத்திரை. எந்த நாளில் வறுபட்டது என்பதற்கு ஒரு பேனாக் கிறுக்கல்கூட இல்லை. இதையே வெளிநாட்டுக்கு அனுப்பும் பையில் செய்வீர்களா என்று கேட்க வாய் வருகிறது.

மன்னிக்கவும், குரல் சற்று உயர்ந்துவிட்டது. உங்களில் சிலர் நாள், மாதம், ஆண்டு என்று வறுத்த தேதியைத் தெளிவாகப் போட்டே அனுப்புகிறீர்கள். வறுத்துப் பத்து நாளான பை என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி அனுப்பியவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த மடலில் பங்கில்லை. மற்றவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: தயவுசெய்து வறுத்த தேதியை, மாதத்தை மட்டுமல்லாமல் நாளையும் சேர்த்து, பையின் மேல் போடுங்கள். அச்சிட முடியாவிட்டால் முத்திரை குத்துங்கள். அதுவும் முடியாவிட்டால் கையால் எழுதுங்கள், கையெழுத்து எப்படி இருந்தாலும் படித்துக்கொள்கிறேன். இணையத்தில் விற்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே எந்தத் தேதி வறுவல் அனுப்பப்படும் என்று தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

அந்தப் பையில் எஞ்சிய கொட்டையை நான் வீசிவிடவில்லை. கொஞ்சம் கரகரப்பாக அரைத்து, சிக்கரி கால் பங்கு சேர்த்து, பித்தளை ஃபில்டரில் போட்டுவிட்டோம். டிகாக்‌ஷன் சுமாராக இறங்கியது. வீட்டில் எவரும் குறை சொல்லவில்லை. பையை மட்டும் மடித்து எடுத்து வைத்திருக்கிறேன். அதிலுள்ள பேட்ச் எண்ணை வைத்து வறுத்த தேதியைச் சொல்ல முடியும் என்று உரியவர்கள் கருதினால், எண்ணை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளன்,
திருச்சிராப்பள்ளி