நம் ஊரிலேயே ஒரு வீடு: நன்கொடை வேண்டுகோள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நம் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ் மக்களுக்கும், இங்கே பிறந்து வளர்ந்து ஈப்போ, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று பிழைப்பைத் தேடிப் போனவர்களுக்கும் எங்கள் பணிக்குழுவின் வணக்கம். மனநோயோ உடல், வளர்ச்சிக் குறைபாடோ உள்ள ஆறு பேர் துணையோடு தங்க நம் ஊரிலேயே ஒரு வீடு அமைக்க உங்கள் உதவியைக் கேட்டு எழுதுகிறோம்.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், அரிசியும் எண்ணெயும் மாவும் வைத்துக் கட்டிய பைகளை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போனோம். மலிவு விலை அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடியில் ஓர் அம்மா இருந்தார். வயது 74. முப்பத்தெட்டு ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இன்று முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. உள்ளே மகன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு 46 வயது. இருபத்திரண்டாவது வயதில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்தது. மாத்திரைகளை ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு, காலையும் இரவும் எண்ணி எடுத்துக் கொடுப்பது அம்மாவின் வேலை. பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவர் கேட்டார்:

"தம்பி, மாத்திரைக்கு ஆஸ்பத்திரி இருக்கு. ஊசி போட நர்ஸு இருக்காங்க. நான் போயிட்டா இவன் படுக்க எடம் இருக்காப்பா?"

எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. படியிறங்கி வரும்போதும் யாரும் பேசவில்லை. மறுவாரம் ஏழு பேர் உட்கார்ந்து பேசினோம். இந்தப் பணிக்குழு அப்படித்தான் தொடங்கியது.

அந்த அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. சிகிச்சை நமக்குத் தொலைவில் இல்லை. தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை 1911-இல் திறக்கப்பட்டது. நம் ஊரிலிருந்து காரில் போனால் அரை மணி நேரம். நாட்டிலேயே பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்று நம் பக்கத்தில் இருந்தும், நாம் அந்த ஊர்ப் பெயரை வசவாகத்தான் வைத்திருக்கிறோம். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று சொல்லாத வீடு நம்மிடையே குறைவு. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒருநாள் உண்மையிலேயே காதில் குரல் கேட்கத் தொடங்கும்போது, அவன் அதை வாய்விட்டுச் சொல்வானா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது. பெரும்பாலும் படிப்பு முடியும் வயதில், வேலைக்குப் போகும் வயதில் அது வருகிறது. சாபமும் இல்லை, செய்வினையும் இல்லை. மருந்து இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது.

மருத்துவ முறையும் மாறிவிட்டது. ஒருவரை ஆயுள் முழுக்க வார்டில் வைத்திருக்கும் காலம் போய்விட்டது. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. சமூக மனநல மையங்களுக்கு அதில் இடம் உண்டு. 'மென்தாரி' என்ற பெயரில் அரசு நடத்தும் மையங்களில் குணமடைந்து வருவோரை வேலைக்குப் பழக்கி, முதலாளியிடம் பேசி, வேலையில் சேர்த்தும் விடுகிறார்கள். இவை எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் எல்லாமே, போய்த் தங்க ஒரு வீடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் நடப்பவை. வார்டிலிருந்து விடும்போது முதலில் கேட்பது, "கூட்டிப்போக யார் வந்திருக்கிறார்கள்?" என்பதுதான். யாரும் வராதவர்களின் கதை பெரும்பாலும் ஐந்தடி நடைபாதையில் முடிகிறது. நம் பஸ் நிலையத்துப் பக்கம் படுத்திருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் இருவர் எந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் என்று எங்களுக்குத் தெரியும்.

தோட்டம் இருந்த காலத்தில் இப்படி இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. லயத்தில் இருபது வீடும் ஒரே கூரை. மனம் சரியில்லாத ஒருவர் இருந்தால் எல்லாருக்கும் தெரியும். அவரும் எல்லாரையும் அறிவார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தைக் கூட்டுவார், உறைந்த ரப்பர் பாலான கட்டிப்பால் பொறுக்குவார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குத் தண்ணீர் சுமப்பார். வேலையை மேற்பார்க்கும் தண்டல் அவருக்கு அரைநாள் சம்பளத்துக்குப் பேர் போட்டுவிடுவார். ஒரு வீட்டில் சோறு இல்லையென்றால் அடுத்த வீட்டில் கிடைக்கும். மறுபாதியையும் மறைக்கக் கூடாது. தூணில் கட்டிப் போட்டதும் உண்டு, வேப்பிலையால் அடித்ததும் உண்டு, மருந்து கொடுக்காமல் பூசாரியிடமே ஆண்டுக்கணக்கில் அலைந்ததும் உண்டு. ஆனாலும் ஒரு மனிதர் காணாமல் போனால் மாலைக்குள் தேடிப் போக ஆள் இருந்தது. தோட்டம் விற்கப்பட்டது, லயத்தை இடித்தார்கள், நாம் தாமான் எனும் வீடமைப்புக் குடியிருப்புக்கும் அடுக்குமாடிக்கும் வந்தோம். கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. மற்றவர்கள் எப்படியோ புது வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டோம். இவர்களுக்குக் கூரையோடு தெருவும் போய்விட்டது, வேலையும் போய்விட்டது.

எங்களிடம் பெயர் கொடுத்திருக்கும் குடும்பங்கள் இன்றைக்கு 19. எல்லாம் மனச்சிதைவு அல்ல. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு உண்டு. 19 வயதோடு அது முடிந்துவிடுகிறது. சமூகநல இலாகாவின் பிடிகே எனும் சமுதாய மறுவாழ்வு நிலையங்கள் 1984-இல் திரங்கானுவில் தொடங்கி நாடெங்கும் பரவிய அருமையான திட்டம், ஆனால் அது பகல் நேரத்துக்கு மட்டும்தான். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கும் அண்ணன், அவரைத் தூக்கிக் குளிப்பாட்டும் மனநோய் உள்ள தம்பி என்று ஒரு குடும்பம் இருக்கிறது. தனியார் இல்லங்களில் விசாரித்தோம். தொலைவில் இருக்கின்றன, மாதம் ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கேட்கிறார்கள். வேலை செய்ய இயலாத ஓகேயு (மாற்றுத்திறனாளி) கார்டுக்காரருக்கான மாத உதவித்தொகை 2021 பட்ஜெட்டில்தான் 250-இலிருந்து 300 வெள்ளி ஆனது.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவரின் குடும்பம் தங்கள் பழைய வீட்டைப் பத்து ஆண்டுக்கு, மாதம் ஒரு வெள்ளி வாடகையில், எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. மாடி இல்லாத மூலை வீடு. பின்னால் இரண்டு பலாமரமும் காய்கறி போட நிலமும் உண்டு. பாசாருக்கும் கிளினிக்குக்கும் நடந்தே போகலாம். அங்கே ஆறு பேர் தங்குவார்கள். ஆளுக்கு ஓர் அறை.

ஆறே பேருக்கா இவ்வளவு பாடு என்று எங்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. முப்பது கட்டில் போட்டு ஓர் ஆசிரமம் கட்டலாமே என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது, பத்தொன்பது குடும்பங்கள் காத்திருக்கும்போது. ஆனாலும் சிறிய வீடு என்றே முடிவு செய்தோம். சென்னையில் 1993 முதல் பணியாற்றும் 'தி பேன்யன்' அமைப்பு, ஆண்டுக்கணக்கில் மருத்துவ விடுதியில் கிடந்தவர்களை 2015 முதல் சாதாரணத் தெருக்களில் நான்கைந்து பேராகச் சேர்ந்து குடியிருக்க வைத்துவருகிறது. தாங்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். துணைக்கு ஒருவர் கூடவே இருக்கிறார். முப்பது கட்டில் போட்டால் அது இன்னொரு வார்டு ஆகிவிடும். எங்கள் வீட்டில் ஒவ்வொருவர் கையிலும் தம் அறைச் சாவி இருக்கும். பராமரிப்பாளர் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இரவும் பகலும் முறை வைத்து மூன்று பராமரிப்பாளர்கள் இருப்பார்கள். மாத்திரையை நினைவுபடுத்துவது, ஊசித் தேதிக்கு அழைத்துப் போவது, தூக்கம் கெடுகிறதா, சாப்பாடு குறைகிறதா என்று கவனிப்பது அவர்கள் வேலை. நோய் திரும்பும் முன் இந்த அறிகுறிகள்தாம் முதலில் தெரியும். மனச்சிதைவுக்கான குளோசபின் என்ற மருந்தைத் தொடங்குவோருக்கு முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். எழுபது வயதுத் தாய் பஸ் ஏறி அலைந்து செய்ய முடியாத காரியம் அது. வேலைக்கும் ஏற்பாடு நடக்கிறது. செம்பனை நாற்றங்கால் வைத்திருக்கும் ஒருவர், பையில் மண் நிரப்பும் வேலையை இரண்டு பேருக்கு, காலை நான்கு மணி நேரம் மட்டும், தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசினோம். ஓர் அக்கா எழுந்து, "ராத்திரியில கத்துவாங்களா?" என்று கேட்டார். எப்போதாவது கத்தலாம் என்று உள்ளதைச் சொன்னோம். அப்போது உள்ளே ஆள் இருப்பார், அவருடைய கைத்தொலைபேசி எண் உங்கள் கையில் இருக்கும் என்றும் சொன்னோம். பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்களா என்று இன்னொருவர் கேட்டார். மனநோய் உள்ளவர்கள் பிறரை அடிப்பதைவிடப் பிறரிடம் அடிவாங்குவதும் ஏமாறுவதுமே அதிகம். உலகமெங்கும் ஆய்வுகள் இதைத்தான் காட்டுகின்றன. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டோம். இரண்டு வீட்டார் இன்னும் மனத்தாங்கலோடு இருக்கிறார்கள். அந்த அக்கா மட்டும் போகும்போது, திறப்பு நாளுக்குக் கேசரி தான் செய்து தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இனி பணக் கணக்கு. மொத்தம் தேவை 186,000 வெள்ளி. கூரைக்கும் நாற்பது ஆண்டுப் பழைய மின்கம்பிகளை மாற்றவும் 48,000. குளியலறை, அகலக் கதவு, சாய்தளம் ஆகியவற்றுக்கு 57,000. சாய்தளத்துக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கிறார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலிக்காரர் தனியே ஏற முடியாது. நம் வாசல் இரண்டரை அடி உயரம், அதாவது முப்பது அடி நீளம், நடுவில் திரும்ப இடமும் விட வேண்டும். கட்டில், அடுப்படிச் சாமான்களுக்கு 18,000. மூன்று பேரின் முதல் ஆறு மாதச் சம்பளத்துக்கும் சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) சந்தாவுக்கும் 42,000. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கு நல்ல பராமரிப்பாளரை வைத்திருக்க முடியாது என்பதால் 2,000 கொடுக்க முடிவு செய்திருக்கிறோம்.

தீ பாதுகாப்புக்கு 21,000. இதில் ஒரு காசு குறைக்க மாட்டோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டில் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுச் சென்றதும் நம்மைப் போன்ற குடும்பங்கள்தாம், வேறு வழி தெரியாமல். அதனால்தான் 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு நிலையச் சட்டத்தின்படி நல இலாகாவில் பதிந்து, பொம்பாவும் (தீயணைப்புத் துறை) நகராண்மைக் கழகமும் சுகாதார இலாகாவும் ஒப்புதல் தந்த பிறகே ஆறு பேரில் முதலாமவர் உள்ளே வருவார். அதுவரை அவசரப்படுத்த வேண்டாம் என்று குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறோம்.

இதுவரை சேர்ந்தது 61,400 வெள்ளி. இன்னும் 124,600 வேண்டும்.

வீடு திறந்த பிறகு மாதம் 11,000 வெள்ளி செலவாகும்: சம்பளம், சேமநிதி, சொக்சோவுக்கு 6,900, சாப்பாட்டுக்கு 2,700, மின்சாரம், தண்ணீர், போக்குவரத்துக்கு 1,400. வேலைக்குப் போகிறவர் தம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தர வேண்டியதில்லை. வருமானம் இல்லாதவரிடம் எதுவும் வாங்க மாட்டோம். அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போடவில்லை.

அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது வெட்டுக்காரருக்குச் சின்னத் தொகை இல்லை. நாங்களும் அதே பத்து வெள்ளியைத்தான் கேட்கிறோம். மாதம் பத்து வெள்ளி தர 1,100 பேர் கிடைத்தால் வீடு எந்த மாதமும் தடுமாறாது. இதுவரை 340 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மொத்தமாகத் தர இயன்றவர்கள் கட்டட நிதிக்குத் தாருங்கள். ஒருவர் தம் தாயார் நினைவாக ஓர் அறையின் கதவையும் சன்னலையும் ஏற்றுக்கொண்டார். இன்னும் ஐந்து அறைகள் இருக்கின்றன.

எங்கள் பணிக்குழு ஒரு சங்கமாக முறைப்படி பதிவு பெற்றது. பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கில் மட்டுமே சேரும்; மூவரில் இருவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. கணக்கு எண்ணும் கியூஆர் அட்டையும் வீட்டின் முன்கதவிலும் கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வேறு எண் வந்தால் அது எங்களுடையது அல்ல. கடைக்குக் கடை தகரம் குலுக்கவும் ஆள் அனுப்பவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது உண்டு. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு அங்கீகாரம் எங்களுக்கு இன்னும் இல்லை, ஆகவே இந்த நன்கொடைக்கு வரிக்கழிவு கேட்க முடியாது. இதை முன்கூட்டியே சொல்வது எங்கள் கடமை.

பணம் இல்லாதவர்கள் கைவேலை தரலாம். உரிமம் பெற்ற மின்கம்பியாளர் ஒருவர், குழாய் வேலை தெரிந்தவர், வாரம் ஒருநாள் கார் ஓட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகக் கூடியவர்கள் உடனே தேவை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 9 முதல் 12 வரை வீடு திறந்திருக்கும். நேரில் வந்து பாருங்கள். ஒழுகும் கூரையையும் காட்டுகிறோம், கணக்குப் புத்தகத்தையும் காட்டுகிறோம். மைலோ டின் வைத்திருக்கும் அந்த அம்மாவும் பெரும்பாலான ஞாயிறுகளில் மகனோடு வந்து பின்பக்கம் கீரைப் பாத்தி போட்டுக்கொண்டிருப்பார். எந்த அறை வேண்டும் என்று மகன் ஏற்கெனவே தேர்ந்துவிட்டார், பலாமரம் தெரியும் அறை.