தூர்வாரும் முன் சிப்பியைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கால்வாய் தூர்வாரிய மண்ணில் சிப்பி ஓடுகள் குவிந்து கிடக்கும் படத்தை வெளியிட்டு, தாமிரபரணித் தண்ணீர் இன்னும் கெடவில்லை என்பதற்கு அது சாட்சி என எழுதியிருந்தீர்கள். படத்தை உற்றுப் பார்த்தால் முடிவு மாறும். பெரும்பாலான ஓடுகளில் இரண்டு மூடியும் பிரியாமல் ஒட்டியிருக்கின்றன. உட்புறம் பளபளப்பு மங்கவில்லை. நாள்பட்ட ஓட்டில் மேல்தோல் உரிந்திருக்கும், உள்ளே சுண்ணாம்பாய் வெளுத்திருக்கும், மூடிகள் தனித்தனியே கிடக்கும். ஆகவே, இவற்றில் பெரும்பாலானவை ஹிட்டாச்சி வாளி இறங்கும் காலத்தில் உயிரோடு இருந்தவை.

தூர்வாரவே கூடாது என்பது என் வாதமல்ல. கடைமடைக்குத் தண்ணீர் எட்ட வேண்டுமானால் வண்டலை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஆற்றுச் சிப்பி போனால் சீக்கிரம் திரும்பாது. தாய்ச் சிப்பி செவுளுக்குள் வைத்து வளர்க்கும் நுண்புழுக்கள் வெளியே வந்ததும் ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கே சில நாட்களோ வாரங்களோ தங்கி உருமாறிய பிறகே குஞ்சாக மணலில் விழும். எல்லா மீனும் உதவாது. பொருந்தாத மீனின் உடல் புழுவைத் தள்ளிவிடும். குத்தகைக் குளங்களில் கட்லாவும் ரோகுவும் விட்டு, பொருந்தும் நாட்டு மீன் ஒழிந்தால், சிப்பி முட்டையிட்டும் பயனில்லாமல் போகலாம். ஓர் அணைக்கட்டுக்கும் அடுத்த அணைக்கட்டுக்கும் இடையில் மீன் ஏற முடியாத இடங்களில், மேல்பக்கம் அழிந்த சிப்பி கீழ்ப்பக்கத்திலிருந்து ஏறி வரவும் வழியில்லை.

பெரிய சிப்பி இருப்பதை வைத்து நீர் நலத்தைக் கணிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாக்கடை கலந்தால் வளர்ந்த சிப்பி மூடியை இறுக்கிக்கொண்டு கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். மணலுக்குள் புதைந்து வாழும் குஞ்சுக்கு அந்த வசதி குறைவு. அம்மோனியாவும் செம்பும் அதைத்தான் முதலில் கொல்லும். அமெரிக்கா 2013-இல் நன்னீருக்கான அம்மோனியா வரம்பை இறுக்கியதற்கு முக்கியக் காரணமே சிப்பிகளின் இந்தத் தாங்காமைதான். எனவே கேட்க வேண்டிய கேள்வி 'சிப்பி இருக்கிறதா' என்பதல்ல, 'குஞ்சு இருக்கிறதா' என்பது. நான்கு விரல் நீளச் சிப்பிகள் மட்டுமே அகப்படும் இடம் கிழடுதட்டிய இடம்.

குஞ்சைக் கண்ணால் தேடிக் காண முடியாது. 50 செ.மீ.க்கு 50 செ.மீ. இரும்புச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே இருக்கும் மணலை 15 செ.மீ. ஆழம்வரை கையால் அள்ளி, 5 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் அலச வேண்டும். சட்டம் வைக்கும் இடத்தைச் சிப்பி தெரிகிற பக்கம் பார்த்துத் தேர்ந்தால் கணக்கு வீண். முதல் இடத்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, மற்றவற்றைச் சம இடைவெளியில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றின் நீளத்தையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து குறிக்கவும். இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: விரல் நகம் அளவில், முக்கோணமாய், அழுத்தமான வளையக் கோடுகளோடு வரும் சின்ன மட்டி சிப்பியின் குஞ்சல்ல. அது வேறு குடும்பம். அதற்கு மீனே தேவையில்லை, மோசமான இடத்திலும் பெருகும். அதையும் சேர்த்து எண்ணினால் செத்த கால்வாய் செழிப்பாகத் தெரியும்.

இனி, தூர்வாரும் வேலை. பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து கால்வாய் அடைத்த பின், கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் முன் வேலை நடக்கிறது. அடைத்தவுடன் மதகுக்குக் கீழேயும் பாலத்தடியிலும் கசங்களிலும் (ஆழமான மடுக்களிலும்) தண்ணீர் தேங்கி நிற்கும். சிப்பிகள் அங்கும் கரையடி ஈரச் சேற்றிலும் இருக்கும். இயந்திரம் வருவதற்கு முன், காலை வெயில் ஏறுமுன், இந்த இடங்களைக் கையால் துழாவினாலே கணிசமாக மீட்கலாம். வாளித் தண்ணீரில் நிறையப் போட்டுத் தூக்கிப் போகாதீர்கள். சூடேறி, பிராணவாயு தீர்ந்து மூச்சடைத்துச் சாகும். நனைத்த சாக்கில் பரப்பி, மேலே இன்னொரு ஈரச் சாக்கு மூடி, நிழலில் கொண்டுபோவது நல்லது. உயிர் இருக்கிறதா என்று மூடியை நெம்பிப் பார்க்கவே கூடாது. தண்ணீரில் வைத்தால் தானே திறக்கும், தொட்டால் மூடும், அது போதும்.

விடும் இடம் அதே கால்வாயில் தூர்வாராத நீளமாகவோ, அது பிரியும் ஆற்றுப் பகுதியாகவோ இருக்கட்டும். ஓடும் தண்ணீர்ச் சிப்பியைக் குளத்தில் போட வேண்டாம், வேறு ஆற்றுக்கும் வேண்டாம். கரையில் நின்று வீசுவதும் தவறு. மூடியில் குமிழ் போலப் புடைத்த பகுதிக்கு அருகிலுள்ள மொண்ணை முனை கீழே போகுமாறு, பாதிவரை மணலில் நட வேண்டும். நெருக்கி அடுக்காமல் ஒரு முழம் விட்டு நடவும். ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது பாதி காணவில்லை என்றால் செத்ததாக எழுதிவிடாதீர்கள். புதைந்திருக்கலாம், தோண்டிப் பாருங்கள்.

2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணி ஆற்றில் மணல் அள்ளத் தடை விதித்தது. ஆனால் தூர்வாரும் பெயரில் கால்வாயின் மணலும் அடித்தரைவரை போனால் சிப்பிக்கு விளைவு அதேதான். வண்டலை மட்டும் எடுத்து அடிமணலை விடச் சொல்லி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். ஒரே பருவத்தில் இரு கரையையும் வழிக்காமல் ஒரு கரையோரத்தை அடுத்த ஆண்டுக்கு விட்டால், மிச்சமிருக்கும் சிப்பிகளே மறுபக்கத்துக்கு விதை.

முத்து வளர்ப்பு மோகமும் கவனிக்கப்பட வேண்டியது. அதற்குப் பயன்படுபவை லமெல்லிடென்ஸ், பரேசியா இனச் சிப்பிகள். முத்து வளர்ப்போர் அவற்றை ஆற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் எடுக்காமல் வேறெங்கே எடுப்பார்கள்?

நமது பாசனக் குளங்களில் 2011-இல் தொடங்கிய ஜனவரி மாத நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நத்தை குத்தி நாரையை எண்ணுகிறோம். அதற்கான குழுக்களும் படிவங்களும் ஆர்வலர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். அதே குழுக்கள் ஏப்ரலில், கால்வாய் அடைத்த முதல் வாரத்தில், ஒரு சட்டமும் ஒரு சல்லடையும் எடுத்துக்கொண்டு இறங்கினால் போதும். தூர்வாரும் நீளங்களின் பட்டியலைப் நீர்வளத் துறையினர் பத்து நாள் முன்னதாகத் தெரிவித்தால் மட்டும் சரி.

இப்படிக்கு,
வாசகர்,
அம்பாசமுத்திரம்