மீனாவுக்கு, கார் விஷயமாக

லிவோனியா, மிச்சிகன்
பிப்ரவரி 11

அன்புள்ள மீனா கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. கராஜ் கதவு வரை பனி கிடக்கிறது. மூன்று வாரமாக உன் போன் இல்லை, வேலை அதிகமாக இருக்கும். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் கட்டின டிராக் ரேஸ் கார், அந்தக் கால் மைல் நேர்ப்பந்தய வண்டி விஷயம்தான். முதலில் பின்னச்சு கியர். 4.11ஐக் கழற்றிவிட்டு 4.56 போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கணக்கு உனக்குத் தெரிந்ததுதான்: மைல் வேகத்தையும் கியர் விகிதத்தையும் 336ஐயும் பெருக்கி, டயர் உயரத்தால் வகுத்தால் ஆர்பிஎம். வண்டி உன்னையும் சேர்த்து 1,600 பவுண்டு, இன்ஜின் 450 குதிரைசக்தி. கால் மைல் கோட்டில் 150 மைல் வேகத்தைத் தொடும். 30 அங்குல ஸ்லிக்கில் (வழுவழு பின்டயரில்) 4.11க்கு 6,900 வருகிறது, 4.56க்கு 7,660. டார்க் கன்வர்ட்டர் நழுவுவதால் ஏறுவது அதற்கும் மேலே. அந்த 350 இன்ஜினுக்குள் இருப்பது வார்ப்பு கிராங்க். 7,660 எல்லாம் அது தாங்கும் என்று நம்பாதே.

முதல் 60 அடி நேரம் சரியில்லை என்றால் டயர் காற்றைப் பார். 10 பவுண்டில் ஆரம்பித்து அரை அரையாகக் குறை. காற்று ஒரே அளவு இருந்தால் போதாது, இரண்டு ஸ்லிக்கின் சுற்றளவையும் டேப் வைத்து அள. நம்முடையது ஸ்பூல், இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றும். ஒன்று சின்னதாக இருந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். நீ ஸ்டீரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய்.

பெல்ட் தேதியைப் பார். சீட் பெல்ட் இரண்டு வருஷம்தான் செல்லும். திறந்த வண்டி, கைக்கட்டு வார் மாட்டாமல் பர்ன்அவுட்கூட வேண்டாம். 150 தாண்டினால் பாராசூட் கட்டாயம், அதை நீயே மடித்துப் பழகு.

பின்னச்சுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டுகிறாய், பின்னச்சு கியர் கூடு உன் இரண்டு காலுக்கு நடுவில் இருக்கிறது. 1970 மார்ச்சில் லயன்ஸ் ஸ்ட்ரிப்பில் இதே மாதிரி வண்டி ஓட்டின டான் கார்லிட்ஸுக்கு கியர்பாக்ஸ் வெடித்து வலது பாதத்தில் ஒரு பகுதியே போனது. அடுத்த வருஷம் அவர் இன்ஜினைப் பின்னால் வைத்துக்கொண்டு போமோனா பந்தயத்தில் ஜெயித்தார். நீ அந்தப் பழைய அமைப்புதான் வேண்டும் என்றாய், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பவர்கிளைட் கியர்பாக்ஸின் மேலே இருக்கும் ஷீல்டைக் கனம் என்று கழற்றிவிடாதே. பெல்ட் தேதியைப் பார்.

பெரியப்பா இன்னமும் பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார். ஷெர்லி மல்டவ்னி 1977, 80, 82 என்று மூன்று தடவை டிராக் ரேஸில் உச்சப் பிரிவான டாப் ஃப்யூயலில் பட்டம் வாங்கினாள் என்று சொல்லி வாயை அடைத்தேன். 84இல் மாண்ட்ரியல் பக்கம் முன்சக்கரம் பழுதாகி அவள் கால்கள் நொறுங்கியதைச் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். முன்சக்கரத்தில் பழைய ட்யூபை வைத்துக்கொண்டு மார்ச் மீட் பந்தயத்துக்கு ஃபமோசோவுக்குப் போகாதே. ஸ்போக் ஒவ்வொன்றையும் தட்டிச் சத்தம் கேள். மந்தமாகக் கேட்பது தளர்ந்தது.

இன்ஸ்பெக்டர் மாதக் கடைசியில் வருகிறார் என்று சொன்னாய். கால் மைலை 9.99 விநாடிக்குக் கீழே ஓடும் வண்டிக்குச் சாஸி ஸ்டிக்கர் இல்லாமல் விடமாட்டார்கள். நம்முடையது 8.90 பக்கம் ஓடும். அல்ட்ராசோனிக் வைத்துக் குழாயின் கனம் பார்ப்பார். அதில் பயமில்லை, உன் தலைக்கு மேலே வளையும் ஹூப் முழுக்க 1 5/8 அங்குலம், 83 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 83 பங்கு) கனம், 4130 எஃகுக் குழாய். குழாய் வாய்களை நீ ஹோல்-சாவில் வெட்டி ஃபைல் போட்ட நேர்த்திக்கு, ஜாயிண்ட் இடுக்கில் ஒரு தாள் நுழையாது. இருபது வருஷ ஃபிட்டர் அப்படிச் செய்யமாட்டான். இதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

அடுத்தது வெல்டு. 4130க்கு டிக் (ஆர்கான் வாயு வெல்டிங்) மட்டும்தான். துடைக்க அசிட்டோன். பிரேக் கிளீனர் தொடவே தொடாதே, குளோரின் உள்ளதென்றால் ஆர்க்கில் ஃபாஸ்ஜீன் ஆகிவிடும், அது விஷவாயு. காற்றடிக்கும் இடத்தில் வைக்காதே, ஆர்கான் கலையும், ஜாயிண்டும் சட்டென்று ஆறி நொறுங்கும். முடித்த வெல்டைக் கிரைண்ட் செய்யக்கூடாது. பந்தயம் நடத்தும் என்ஹெச்ஆர்ஏ சங்கத்தின் விதியே அது. அரைத்தால் உலோகமும் குறையும், உள்ளே இருக்கிற ஓட்டையும் மறையும்.

மீனா, இடது பக்கம், தோள்பெல்ட் கட்டுகிற குறுக்குக் குழாய் ஹூப்போடு சேருமிடம். மற்ற ஜாயிண்ட் எல்லாம் காசு அடுக்கின மாதிரி இருக்கும், அது மட்டும் வழவழவென்று இருக்கும். "இதுதாம்பா அழகா வந்திருக்கு" என்று விரலால் தடவிப் பார்த்தாய். பாதி வெல்டில் எனக்கு ஆர்கான் தீர்ந்துவிட்டது. பொரிந்து, தேன்கூடு மாதிரி ஊசித்துளைகள். சிலிண்டர் மாற்றி அறுத்துத் திரும்பச் செய்திருக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணி, காலையில் நீ பெயிண்டுக்கு வருகிறாய். அதன் மேலேயே ஒரு வரிசை ஓட்டி, ஃப்ளாப் டிஸ்க் போட்டு அரைத்து வழித்துவிட்டேன். நீ நன்றாக இருக்கிறது என்றாய், நானும் ஆமாம் என்றேன்.

பெயிண்டைச் சுரண்டு. விரிசல் காட்டும் சாயம் (டை) போட்டுப் பார்க்கவெல்லாம் வேண்டாம், அது மேலே திறந்திருக்கிற துளையைத்தான் காட்டும், நான் மூடினதைக் காட்டாது. குறுக்குக் குழாயை ஹூப்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி அறு. மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஹூப் வரை அரைத்து எடு. பிறகு அந்த இடத்தின் கனத்தை அளக்கச் சொல். 83க்குக் குறைந்தால் ஹூப்பையே மாற்ற வேண்டும், ஒட்டுப் போடாதே. புதுக் குழாய் உன் தோளுக்கு மேலே போகக்கூடாது, 4 அங்குலத்துக்கு மேல் கீழேயும் இறங்கக்கூடாது. ஹெல்மெட் போட்டு, பெல்ட் இறுக்கி உட்கார்ந்து அள. அதுவரை அந்த வண்டியில் உட்கார்ந்து இன்ஜின் போடாதே. மார்ச் மீட் 1959இலிருந்து நடக்கிறது, அடுத்த வருஷமும் நடக்கும்.

நீ ஏற்கெனவே சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாயோ என்னவோ. அப்படி என்றால் அதைச் சொல்லிவிடு. டெஸ்டுக்கு வண்டியைக் கொண்டுபோயிருந்தால் அதையும் சொல். அம்மாவிடம் போனைக் கொடுக்கமாட்டேன்.

அதே குழாயில் 4 அடி பார்சலில் வருகிறது. இடது பக்க வாயை வெட்டவில்லை, நீயே வெட்டிக்கொள்.

அப்பா