2024–25 ஆண்டறிக்கை: நியூயார்க் போகும் முன் நம் ஊரில்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பிள்ளைகளைப் பக்கத்து அறையில் விளையாட விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சிகாகோவின் புறநகரான நேப்பர்வில் வட்டாரத்தில் இயங்கும் நமது நாடக ரசிகர் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் வாசிக்கிறேன். கூடம் கிடைக்காமல் பொதுக்குழு ஆகஸ்ட் வரை தள்ளிப்போய்விட்டது. அதனால் மார்ச்சுக்குப் பின் வந்த ஒன்றிரண்டு செய்திகளும் இதில் உண்டு.

உறுப்பினர் எண்ணிக்கையில் பெரிய ஏற்றமோ இறக்கமோ இல்லை. வேலை மாறி டெக்சஸ் போனவர்களின் இடத்தைப் புதிதாக வந்தவர்கள் நிரப்பியிருக்கிறார்கள். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நூலகத்தின் கூட்ட அறையில் நடந்தன. ஜனவரிக் கூட்டம் மட்டும் பனியால் கைவிடப்பட்டது.

இந்த ஆண்டு முழுக்க நாம் பேசியது பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான். ஒரு புதிய இசை நாடகம் நியூயார்க்கில் அரங்கேறும் முன் நம் சிகாகோவுக்கு வருகிறது. நாம் டிக்கெட் வாங்கிப் போய் உட்காருகிறோம். அப்போது எதை எதிர்பார்த்துப் போகிறோம், எதை எதிர்பார்ப்பது நியாயம்?

புது உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. நியூயார்க்கில் திரை தூக்கும் முன் வெளியூரில் சில வாரம் ஆடிப் பார்ப்பது பழைய வழக்கம். ஒரு காலத்தில் நியூ ஹேவன், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன், டெட்ராய்ட் என்று சுற்றினார்கள். 'ஓக்லஹோமா!' 1943 மார்ச்சில் நியூ ஹேவனில் ஆடியபோது அதற்கு வேறு பெயர். அந்த மாதம் முடிவதற்குள் பாஸ்டனைக் கடந்து, பெயர் மாறி, நியூயார்க் போய்ச் சேர்ந்துவிட்டது. செட்டையும் ஆட்களையும் ஊர் ஊராக ஏற்றி இறக்கும் செலவு ஏற ஏற, பலர் நியூயார்க்கிலேயே சில வாரம் ப்ரிவியூ, அதாவது முறையான திறப்புக்கு முந்தைய காட்சிகள், போட்டுத் திருத்திக்கொள்ளத் தொடங்கினார்கள். அப்படியும் சிகாகோ விட்டுப்போகவில்லை. பெரிய அரங்குகள் இங்கே இருக்கின்றன, நாடகம் பார்த்துப் பழகிய கூட்டம் இருக்கிறது, இல்லினாய் மாநிலம் வரிச் சலுகையும் தருகிறது. 'தி ப்ரொட்யூசர்ஸ்' 2001 பிப்ரவரியில் ராண்டால்ஃப் தெருவின் காடிலாக் பாலஸ் அரங்கில்தான் முதலில் ஆடியது. பிறகு நியூயார்க் போய், அங்கே நாடகங்களுக்குத் தரும் பெரிய விருதான டோனியை 12 வாங்கியது. அதன்பின் இங்கே ஆடிவிட்டுப் போகும் எந்த நாடகத்தைப் பார்த்தாலும் "இதுவும் அப்படி ஆகுமா?" என்ற கேள்வியோடுதான் சிகாகோக்காரர்கள் உள்ளே போகிறார்கள். நாமும் சிகாகோக்காரர்கள்தானே.

2024 மே மாதம் அதே காடிலாக் பாலஸுக்கு 'டெத் பிகம்ஸ் ஹர்' இசை நாடகம் பார்க்கக் குழுவாகப் போனோம். மெட்ரா புறநகர் ரயிலில் சிகாகோ யூனியன் ஸ்டேஷன், அங்கிருந்து நடை. போகும்போதே ரயிலில் எல்லோர் கையிலும் ஒரு அட்டையைக் கொடுத்து, என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டோம். யோசனை நம் துணைத்தலைவருடையது. 1992இல் இதே பெயரில் வந்த படத்தைப் பார்த்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: மாடிப்படியில் உருண்டு விழுந்து கழுத்து முறுக்கிக்கொள்வதையும், வயிற்றில் துப்பாக்கி குண்டு போட்ட ஓட்டையையும் மேடையில் எப்படிக் காட்டப்போகிறார்கள்? காட்சி ஜாலத்துக்காக ஆஸ்கர் வாங்கிய படம், அதனால் கேள்வி நியாயமானதே. படம் பார்க்காத இளையவர்கள் நாடகத்தில் நடித்த மேகன் ஹில்டியின் குரலுக்காக வருவதாக எழுதினார்கள். அரங்கில் ஏசியைக் குறைத்து வைத்தால் போதும் என்று ஒரு பெரியம்மா எழுதியிருந்தார். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை.

படிக்கட்டுக் காட்சி வந்தபோது அரங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டது. வித்தை தெரிந்த ஆட்டக்காரர் ஒருவர் விழ வேண்டிய நடிகையின் இடத்தில் மெதுவாக, அங்குலம் அங்குலமாக உருண்டு இறங்கினார். ஆள் மாறியது எல்லோருக்கும் தெரிந்தது. மறைக்க அவர்களும் முயலவில்லை. தெரிந்ததால்தான் சிரிப்பு இரட்டிப்பாக வந்தது. படத்தைப் போலவே செய்துவிடப் பார்த்திருந்தால் படத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்லியிருப்போம். அந்த வாய்ப்பையே அவர்கள் நமக்குத் தரவில்லை. திரும்பி வரும் ரயிலில் இதைப் பற்றித்தான் பேச்சு. பெட்டியில் இருந்த மற்றவர்கள் நம்மைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. அந்த நாடகம் 2024 நவம்பர் 21 அன்று நியூயார்க்கில் லண்ட்-ஃபான்டான் அரங்கில் திறந்தது. உடை வடிவமைப்புக்கு 2025இல் டோனியும் கிடைத்தது.

இதற்கு நேர்மாறான அனுபவத்தை மூத்த உறுப்பினர் ஒருவர் ஜூன் கூட்டத்தில் நினைவுபடுத்தினார். 2022 கோடையில் 'தி டெவில் வேர்ஸ் பிராடா' இங்கே நெடர்லாண்டர் அரங்கில் ஆடியபோது, இசை பிரபல ஆங்கிலப் பாப் பாடகர் எல்டன் ஜான் என்றதும் எதிர்பார்ப்பு வானத்துக்குப் போய்விட்டது. அதே பெயரில் முன்பு வந்த படத்தின் வசனங்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் அந்த வசனம் எப்போது வரும் என்றே காத்திருந்தார்கள். நடிகை வாயைத் திறக்கும் முன்பே பின்வரிசையில் யாரோ சொல்லிவிடுவார்கள். விமர்சகர்கள் கைகொடுக்கவில்லை. நாடகம் இங்கிருந்து நியூயார்க் போகவேயில்லை. இயக்குநர் மாறி, 2024இல் இங்கிலாந்தின் ப்ளைமவுத்தில் மறுபடி ஆடிப் பார்த்து, அந்த டிசம்பரில் லண்டன் டொமினியன் அரங்கில் திறந்தது. கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தால் டிக்கெட் விற்பது சுலபம், திருப்திப்படுத்துவது கஷ்டம் என்றார் அவர். சரிதான்.

ஜூன் கூட்டத்தின் சிறப்புரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று வராதவர்கள் அதிகம். அதில் சொல்லப்பட்ட கதை இது. 1962இல் 'எ ஃபன்னி திங் ஹேப்பன்ட் ஆன் தி வே டு தி ஃபோரம்' நியூ ஹேவனிலும் வாஷிங்டனிலும் ஆடிப் படுதோல்வி. கதை பழைய ரோமாபுரியில் நடக்கும் கூத்து, நடிகர்கள் கெட்டிக்காரர்கள், ஒவ்வொரு வரியும் சிரிப்பு. ஆனால் கூட்டம் சிரிக்கவில்லை. வாஷிங்டனில் பாதி அரங்கு காலி. நடன இயக்குநர் ஜெரோம் ராபின்ஸை வரவழைத்துக் காட்டினார்கள். கோளாறு முதல் பாட்டில் இருக்கிறது என்றார் அவர். அந்தப் பாட்டு காதலைப் பற்றி மெல்லிசையாக இருந்தது. அதைக் கேட்டவர்கள் நளினமான காதல் கதை ஒன்றுக்கு மனதைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தார்கள். பிறகு கோமாளித்தனம் வந்ததும் திகைத்தார்கள். பாட்டும் இசையும் எழுதிய சோண்ட்ஹைம் அந்தப் பாட்டை எடுத்துவிட்டு, இன்றிரவு உங்களுக்கு நகைச்சுவை என்று நேரடியாக அறிவிக்கும் பாட்டு ஒன்றை எழுதினார். மே 8 அன்று நியூயார்க்கில் திறந்து 964 காட்சி ஓடியது.

நம் மதுரைப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் உடனே எழுந்தார். "இதை எங்க ஊர்ல பபூன்கிட்ட கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பார்!" இரவு முழுக்க ஆடும் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி திருமணமே ஆனாலும் முதலில் கோமாளியான பபூன் வந்து, டான்ஸ் ஆடும் பெண்ணோடு வம்பளந்து, கூட்டத்தைச் சிரிக்க வைத்து, இது என்ன மாதிரி இரவு என்று காட்டிவிட்டுத்தான் போவார். கதாநாயகனாக வரும் ராஜபார்ட்டுக்கும் வள்ளிக்கும் தர்க்கம் விடியும்வரை நடக்கும். கதை எல்லோருக்கும் தெரியும். அதனால் கதை என்ன ஆகும் என்று யாரும் காத்திருப்பதில்லை. இன்றைக்கு இவர்கள் எப்படி மடக்குவார்கள், எந்தப் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்கலாம் என்பதுதான் எதிர்பார்ப்பு. அந்தக் கூட்டத்துக்குத் தன் வேலை என்ன என்று தெரியும் என்றார் அவர். அன்றைய கூட்டத்தில் நான் கேட்டதில் மிகச் சரியான பேச்சு அதுதான்.

செயலாளரின் சொந்தக் கருத்தையும் இங்கே பதிவு செய்ய அனுமதி வேண்டும். முன்னோட்டமாக வரும் நாடகத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முழுமையாகச் செய்து முடித்த நாடகத்தை எதிர்பார்த்துப் போகிறோம். டிக்கெட் விலையும் அப்படித்தான் இருக்கிறது, அதனால் குற்றம் முழுக்க நம்முடையதல்ல. ஆனால் பின்வரிசையில் இருட்டில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும் எழுத்தாளருக்கும் இயக்குநருக்கும் நாம்தான் பரீட்சைத் தாள். எங்கே சிரிக்கிறோம், எங்கே இருமுகிறோம், எந்தப் பாட்டின்போது கைபேசியைத் தடவுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் இரவோடு இரவாக வெட்டுகிறார்கள், ஒட்டுகிறார்கள். 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' 1964 கோடையில் டெட்ராய்டில் ஆடிக்கொண்டிருந்தபோதுதான், இருபத்தைந்து ஆண்டு குடும்பம் நடத்திய கணவன் மனைவியைப் பார்த்து என் மேல் அன்பு இருக்கிறதா என்று கேட்கும் பாட்டு எழுதப்பட்டது. டெட்ராய்ட் ரசிகர்கள் பார்த்தது அந்தப் பாட்டு இல்லாத நாடகத்தையும், பிறகு அந்தப் பாட்டு உள்ள நாடகத்தையும். எனக்கு அவர்கள்மேல் பொறாமை.

அப்படியிருக்க, எதைப் போட்டாலும் முடிவில் எழுந்து நின்று கை தட்டும் நம் பழக்கம் அவர்களுக்குச் செய்யும் உதவி அல்ல. முன்வரிசைக்காரர் எழுந்துவிட்டார், மேடை மறைக்கிறது என்பதற்காக நாமும் எழுந்துவிடுகிறோம். 2023 கடைசியில் சிஐபிசி அரங்கில் 'பூப்! தி மியூசிக்கல்' பார்த்தபோதும் எழுந்து நின்றோம். கறுப்பு வெள்ளை உலகிலிருந்து வண்ண நியூயார்க்குக்கு வரும் பெட்டி பூப் என்ற கார்ட்டூன் பெண்ணாக ஜாஸ்மின் ஏமி ராஜர்ஸ் அற்புதம். முன்பக்கம் ஒரு நிறமும் பின்பக்கம் ஒரு நிறமுமாகத் திரும்பித் திரும்பி ஆடிய அந்த நடனத்துக்கு எழுந்து நின்றதும் தகும். ஆனால் பெட்டி பூப்பைக் கைப்பையிலும் டி-ஷர்ட்டிலும் தவிர வேறெங்கும் பார்த்திராத நம்மில் பலருக்கு, இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும், எதற்காக இவள் கதையைப் பார்க்கிறோம் என்பது இடைவேளை வரை பிடிபடவில்லை. அதை காபி வரிசையில் நின்று நமக்குள் சொல்லிக்கொண்டோமே தவிர, கைதட்டலில் காட்டவில்லை. 2025 ஏப்ரலில் நியூயார்க்கில் திறந்த அந்த நாடகம் ஜூலை 13 அன்று மூடப்பட்டது. நாம் உட்கார்ந்தே தட்டியிருந்தால் அது ஓடியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நியூயார்க் வாடகை நம் கைதட்டலைப் பொறுத்ததல்ல.

செப்டம்பர் கூட்டம் கொஞ்சம் சூடாகவே நடந்தது. கோடையில் சிகாகோ ஏரிக்கரையின் நேவி பியரில் சிகாகோ ஷேக்ஸ்பியர் தியேட்டர் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இசை நாடகத்தைப் போட்டது. இது நியூயார்க்குக்கான முன்னோட்டம் அல்ல என்றாலும், இசையில் ஏ.ஆர்.ரஹ்மான் பெயர் இருந்ததால், மற்ற நாடகங்களுக்கு வராத உறுப்பினர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். அவர்கள் அட்டைகளில் ரஹ்மான் தவிர வேறு எதுவும் இல்லை. அரங்கில் கேட்டதோ பின்லாந்தின் வார்த்தினா குழுவும் கிறிஸ்டோபர் நைட்டிங்கேலும் அவரும் சேர்ந்து செய்த இசை. நடிகர்களே வாத்தியங்களைக் கையில் எடுத்து வாசித்தார்கள். எது அவர் மெட்டு என்று தேடித் தேடியே இரண்டு பேர் நாடகத்தைத் தவறவிட்டார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு தரப்பு, நீங்களே ஏமாந்தீர்கள் என்று இன்னொரு தரப்பு. இந்த நாடகம் 2006இல் டொராண்டோவில் சுமார் 2 கோடியே 80 லட்சம் கனடிய டாலர் செலவில், மூன்றரை மணி நேர நீளத்தில் திறந்து, ஆறு மாதத்துக்குள் மூடியது. லண்டனில் சுருக்கிப் போட்டார்கள், அங்கும் ஓராண்டு சொச்சம்தான். 2023இல் இங்கிலாந்தின் நியூபரி அருகே வாட்டர்மில் என்ற சின்ன அரங்கில் வைத்துப் பார்த்தபிறகுதான் அதற்குப் புது உயிர் வந்தது. பிரம்மாண்டத்தைக் காட்டப்போவதாகச் சொல்லி அழைத்தபோது கிடைக்காத மனம், ஊர்க்காரர்கள் கூடிக் கதை சொல்வதாக அழைத்தபோது கிடைத்திருக்கிறது. கூட்டம் இதை ஏற்றுக்கொண்டதா என்றால், முழுக்க இல்லை. தேநீர் வந்துவிட்டது.

குறை ஒன்றும் உண்டு. குழு டிக்கெட்டுகளை ஒருமுறை இடைத்தரகு இணையதளம் ஒன்றில் வாங்கியதில், கட்டணம் என்று கடைசியில் சேர்ந்த தொகை பலரையும் கோபப்படுத்தியது. இனி அரங்கின் டிக்கெட் கவுண்டரிலேயே வாங்குவது என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. வேலைக்காகச் சிகாகோ நகருக்குள் போகும் உறுப்பினர்கள் மூலம் வாங்கலாம் என்பதால் யாரும் தனியாக அலைய வேண்டியதில்லை.

வரும் ஆண்டில் எதிர்பார்ப்பு அட்டைகளைத் தொடர வேண்டும் என்பதும், நாடகம் முடிந்த பின் எழுதும் பகுதி ஒன்றையும் அதில் சேர்க்க வேண்டும் என்பதும் செயற்குழுவின் பரிந்துரை. பிடிக்காததை மரியாதையாக எழுதி அரங்குக்கு அனுப்பலாம் என்ற திருத்தத்தையும் இளைஞர் குழு கொண்டுவந்திருக்கிறது. இரண்டும் இன்று வாக்கெடுப்புக்கு வரும். நூலக நிர்வாகத்துக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சுண்டல் செய்து கொண்டுவந்த குடும்பங்களுக்கும், இரவு ரயிலிலிருந்து இறங்கியவர்களை வீடுவரை கொண்டுபோய் விட்ட காரோட்டிகளுக்கும் சங்கத்தின் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார். அதன்பின் புதிய செயற்குழுத் தேர்தல். செயலாளர் பொறுப்புக்கு யாராவது முன்வந்தால் நான் தடுக்கமாட்டேன்.