ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே: ஐ.சி.எம்.ஆருக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தைக் கவனிக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எஸ்.டி.எஸ். என்று மாணவர்கள் சொல்லும் உங்கள் திட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். 1979 முதல் நடந்துவரும் நல்ல திட்டம் அது. படிக்கிற காலத்திலேயே ஆராய்ச்சியில் கை வைத்துப் பார்க்க இரண்டு மாதம், ஒரு கைடு, ஓர் உதவித்தொகை, அறிக்கை ஏற்கப்பட்டால் சான்றிதழ். ஆனால் அது எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களோடு நின்றுவிடுகிறது. பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, பி.ஃபார்ம்., மெடிக்கல் லேப் டெக்னாலஜி படிப்பவர்களையும் விண்ணப்பிக்க விடுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

இப்போது எழுதக் காரணம் எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி.

மெடிக்கல் வார்டில் அவளுக்குக் காலை போஸ்டிங். ரெகுலர் இன்சுலின் போட்டால் அரை மணி நேரத்தில் நோயாளி சாப்பிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வார்டில் ஊசி ஒரு நேரத்துக்குப் போடப்படுகிறது, சாப்பாட்டு வண்டி இன்னொரு நேரத்துக்கு வருகிறது. துணைக்கு ஆள் இருக்கும் நோயாளிக்கு வெளியிலிருந்து இட்லி வந்துவிடும். ஆள் இல்லாதவர் ஊசி போட்ட வயிற்றோடு வண்டியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் ரத்தச் சர்க்கரை இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், சிலருக்குப் பேச்சு குழறும். உடனே குளுக்கோஸ், ஓட்டம், பதற்றம். கேஸ் ஷீட்டில் ஊசி போட்ட நேரம் இருக்கும். சாப்பிட்ட நேரம் இருக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த இடைவெளி அது.

இந்தப் பெண் தன் நோட்டில் கோடு போட்டு, ஒரு பக்கம் ஊசி நேரம், மறுபக்கம் முதல் வாய் சாப்பிட்ட நேரம் என்று எழுத ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு என்னிடம் வந்து, "மேம், இதை ஒரு ஸ்டடியா பண்ணலாமா?" என்று கேட்டாள். இத்தனை வருடம் வகுப்பெடுத்ததில் இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. மருத்துவமனையில் ஆராய்ச்சியில் அக்கறையுள்ள ஒரு டாக்டரிடம் அவளை அழைத்துப் போனேன். பொறுமையாகக் கேட்டார், நோட்டைப் புரட்டிப் பார்த்தார், பாராட்டினார். கடைசியில் சொன்னார்: "உங்க பேர்ல போட முடியாதும்மா. எங்க செகண்ட் இயர் பையன் ஒருத்தன் இருக்கான், அவன் பேர்ல எஸ்.டி.எஸ். போடுவோம். நீ டேட்டா எடுத்துக் கொடுத்துடு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. விதி விட்டுவைத்திருந்த ஒரே வழியைச் சொன்னார். "சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தவள் வராந்தாவில் கேட்டாள்: "அப்போ என் பேர் எங்க மேம் வரும்?" கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்கிற இடத்தில் வரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அந்த நோட்டைக் கொடுக்கவில்லை. அந்த ஆய்வும் நடக்கவில்லை.

நஷ்டம் அவளுக்கு மட்டும்தானா? சாப்பாட்டு வண்டி இன்றும் அதே நேரத்துக்குத்தான் வருகிறது.

ஆராய்ச்சி டாக்டர்களின் வேலை, மற்றவர்கள் உதவியாளர்கள் என்று யாராவது நினைத்தால், உங்கள் சொந்த வரலாற்றையே ஒருமுறை பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். 1956இல் சென்னையில் நீங்களும் சேர்ந்து தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நோயாளியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைக்கத் தேவையில்லை, வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் வெளியான அதன் ஆய்வு உலகத்துக்கே காட்டியது. அந்த ஆய்வு எதன்மேல் நின்றது? நெருக்கடியான குடியிருப்புகளுக்குச் சொல்லாமல் போய், மாத்திரையை எண்ணி, சிறுநீர் மாதிரி வாங்கி வந்த களப்பணியாளர்கள்மேல். வீட்டுக்குள் போனவருக்குத்தான் மாத்திரை வாய்க்குப் போனதா, பரணுக்குப் போனதா என்று தெரிந்தது. இன்று அதே வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு உங்கள் படிவத்தில் இடமில்லை.

எங்கள் பாடத்திட்டத்தில் ஆராய்ச்சியும் புள்ளியியலும் ஏழாவது செமஸ்டரில் இருக்கின்றன. மாணவிகள் குழுவாகச் சேர்ந்து ஓர் ஆய்வு செய்து, பைண்டிங் போட்டுக் கொடுக்கிறார்கள். அது அலமாரிக்குப் போகிறது. கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கேள்வியோடு வருபவளுக்குக் கதவைத் திறக்காமல் விடுகிறோம். பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி உள்ளிட்ட படிப்புகளுக்காக 2021இல் தனி ஆணையச் சட்டம் வந்தது. 2023இல் நர்சிங், மிட்வைஃபரிக்கும் வந்தது. இவையெல்லாம் தனித் தொழில்கள் என்று நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்ட பிறகு, ஆராய்ச்சிக் கழகம் மட்டும் தயங்க என்ன இருக்கிறது?

வார்டில் ஆள் குறைந்தால் நர்சிங் மாணவி வேண்டும். பிபி பார்க்க, படுக்கை மாற்ற, ரத்தம் எடுத்த குழாயை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓட, எல்லாவற்றுக்கும் வேண்டும். 2020 மார்ச் 22 மாலை நாடே வாசலில் நின்று கைதட்டியபோது அது எங்களுக்கும் சேர்த்துத்தான் என்றார்கள். கைதட்டல் வேண்டாம். பெயர் போடுங்கள். எங்கள் பிள்ளைகள் எடுத்த டேட்டாவுக்கு எங்கள் பிள்ளைகளின் பெயர். மருந்து ஒத்துக்கொள்ளாமல் போவதை முதலில் கேள்விப்படுகிற ஃபார்மசி மாணவனுக்கும், கெட்டுப்போன மாதிரிகள் எந்த வார்டிலிருந்து வருகின்றன என்று தெரிந்த லேப் மாணவிக்கும், பக்கவாதம் வந்தவர் வீட்டுக்குப் போன பிறகு பயிற்சியை ஏன் விட்டுவிடுகிறார் என்று அறிந்த பிசியோ மாணவனுக்கும் இதே பங்கு உண்டு.

திட்டத்துக்கே வருகிறேன். தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, தனி ஒதுக்கீடும் கேட்கவில்லை. அதே படிவம், அதே கெடு, அதே மதிப்பீட்டாளர்கள் இருக்கட்டும். மோசமான முன்மொழிவை நிராகரியுங்கள், யார் எழுதியிருந்தாலும். ஆய்வு நோயாளிகளுக்குத் தீங்கில்லாமல் நடக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதிதான் சிக்கல் என்றால், எங்களைப் போன்ற பல கல்லூரிகள் மருத்துவமனைகளோடு சேர்ந்தே இயங்குகின்றன, அங்குள்ள கமிட்டியிடமே போகலாம். கைடாக மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரும் எங்கள் துறை ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து இருக்கலாம் என்று அனுமதித்தால் போதும். பணம் போதாதென்றால் முதல் வருடம் சிறிய எண்ணிக்கையில் தொடங்குங்கள். நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

அடுத்த அறிவிப்பைத் தயாரிக்கும்போது, தகுதி என்ற இடத்தில் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். என்று எழுதியதோடு நிறுத்தாமல், நர்சிங், பிசியோதெரபி, ஃபார்மசி, லேப் டெக்னாலஜி பட்டப்படிப்புகளையும் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இந்த வருடம் முடியாது என்றால், எந்த வருடம் முடியும் என்றாவது பொதுவில் சொல்லுங்கள். வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு நர்சிங் கல்லூரி ஆசிரியை