பர்மிங்காம் கடனில் மூழ்கியது எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம். இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி என்றாலே இப்போதெல்லாம் குப்பை அள்ளுவோரின் வேலைநிறுத்தமும் காலி கஜானாவும்தான் பேச்சு. 2023 செப்டம்பரில் புதுச் செலவுகளை நிறுத்தும் அறிவிப்பு வந்தது உண்மைதான், ஆனால் இந்த ஊர் ஒரு காலத்தில் உள்ளாட்சிக்கே பாடம் எடுத்த ஊர் என்பதையும் கொஞ்சம் எழுதுங்களேன்.

1838-ல்தான் அதற்கு நகராட்சி அந்தஸ்து கிடைத்தது. 1873-ல் மேயரான ஜோசப் சேம்பர்லின் (திருகாணி வியாபாரத்தில் சம்பாதித்தவர்) தனியார் கேஸ் கம்பெனிகளையும் அப்புறம் குடிநீர் கம்பெனியையும் நகராட்சிக்கே வாங்கிப் போட்டார், கேஸில் லாபம் பார்க்கலாம், தண்ணீரில் லாபம் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். அந்த கேஸ் பணம்தான் ஊரின் அருங்காட்சியகத்துக்குக் கட்டடம் ஆனது! 1904-ல் வேல்ஸ் மலைகளிலிருந்து 73 மைல் தூரம் குழாயிலும் கால்வாயிலும் தண்ணீரும் வந்து சேர்ந்தது.

1949-ல் கேஸ், 1974-ல் தண்ணீர், இரண்டுமே மாநகராட்சி கையை விட்டுப் போயின. 2010-க்குப் பிறகு லண்டனில் இருக்கும் மத்திய அரசு மாநகராட்சிக்குத் தரும் மானியத்தை வெட்டிக்கொண்டே வந்தது. அதற்காக மாநகராட்சியை நான் விட்டுவிடவில்லை: பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராமல் இழுத்தடித்து, 2012-ல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்று, நூறு கோடி பவுண்டுக்கு மேல் கட்டியது யார் தவறு? கணக்கு மென்பொருளை மாற்றப் போய்க் கொட்டிய காசு வேறு.

இப்போது 101 கவுன்சிலர்களை மக்கள் தேர்ந்தெடுத்தாலும் மேலே உட்கார்ந்து பார்ப்பது அரசு அனுப்பிய ஆணையர்கள். 2024-ல் கவுன்சில் வரி (வீடுகளுக்கு மாநகராட்சி போடும் வரி) சுமார் 10 சதவீதம் ஏறியது, அதைக் கட்டுவது மட்டும் ஊர் மக்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்